வாடிப்பட்டிப் பெட்டி ஒத்தக்கடையில ஓடாது

மதினி வாடிப்பட்டி வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்தப்ப கட்டில் கொண்டாரல, பீரோ கொண்டாரல. மாத்துச் சேலை வச்ச ஒரு பையும், துண்டுல சுத்துன ஒரு செட்டாப் பாக்ஸும்தான் கொண்டாந்தாக. எங்க வீட்டுக்காரர் சொந்தமா லோடு வண்டி ஓட்டுறவரு. பின்னால அம்புட்டு இடம் சும்மா கெடக்கு. "எல்லாத்தையும் ஏத்திருவோம்க்கா, அந்தப் பெட்டியவாவது பின்னால வைங்க"ன்னு கெஞ்சிப் பாத்தாரு. "வேணாம்ப்பா, ஆடி அடிபட்டுரும்"னு சொல்லிட்டு, வாடிப்பட்டியில இருந்து ஒத்தக்கடை வரைக்கும் அதை மடியிலயே வச்சுக்கிட்டு வந்தாக.

மதினின்னா எங்க வீட்டுக்காரரோட ஒரே அக்கா. பிள்ளை குட்டி கெடையாது. அவுக வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. டிராக்டர் மெக்கானிக்கு, வாடிப்பட்டியில சின்னதா ஒரு பட்டறை வச்சிருந்தாரு. மாசி மாசத்துல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்த மனுசன் எந்திரிக்கவே இல்ல. காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு அக்காவை அங்க ஒத்தையில விட எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரல. மதினிக்குப் பிரஷர் இருக்கு, ஒருதடவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்தும் இருக்காக. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, சும்மாவா சொன்னாங்க. சோத்துத் தட்டுல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. நாந்தான் சொன்னேன், போயிக் கூட்டிட்டு வாங்க, நம்மளோடயே இருக்கட்டும்னு. நாத்தனாரைக் கூட்டி வந்து வச்சுக்கிறயா, கூறு இருக்கான்னு எங்க அம்மாவே கேட்டாங்க. கூறு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, நான் மனசாரத்தான் சொன்னேன்.

மதினி வந்தாக. ஆனா வாசப்படி ஏறும்போதே, "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேம்மா"ன்னு சொல்லிக்கிட்டேதான் ஏறுனாக. விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குங்கிறது அவுகளுக்கு வேதம். பின்னறைய ஒழிச்சுக் குடுத்து, அலமாரியில ரெண்டு தட்டையும் காலி பண்ணி வச்சேன். தட்டு காலியாவே கெடந்துச்சு. சேலைய எடுத்து உடுத்துறது, துவைக்கிறது, மடிச்சு மறுபடி அந்தப் பையிலயே திணிக்கிறது. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கிறவுக மாதிரியே இருந்தாக. அந்தப் பையப் பாக்குறப்பெல்லாம் எங்க வீட்டுக்காரர் மூஞ்சி செத்துப்போகும். இவுக இங்க தங்குவாகளா, இல்ல அந்தப் பூட்டுன வீட்டுக்கே திரும்பிப் போயிருவாகளா? அப்ப எங்க வீட்ல இருந்த ஒரே கவலை அதுதான்.

சாயங்காலம் நான் காலேஜ் ஆபீஸ் வேலை முடிஞ்சு வந்தா, ஹால்ல டிவி ஓடிக்கிட்டிருக்கும். பிள்ளைக ரெண்டும் ரிமோட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். மதினி சோபாவோட ஓரத்துல, எந்த நேரமும் எந்திரிக்கத் தயாரா, நுனியில உக்காந்திருப்பாக. "என்ன வைக்கட்டும் மதினி"ன்னு கேட்டா, "எதுன்னாலும் சரிம்மா." எனக்குத் தெரியாதா? அவுக வருசக் கணக்கா ஒரு சீரியல் விடாம பாக்குறவுக. போன்ல எங்கிட்டயே அந்த மாமியாக்காரியத் திட்டி எம்புட்டு நேரம் பேசியிருக்காக. ஆனா தம்பி வீட்டு ரிமோட்டைக் கேட்டு வாங்க மாட்டாக. புதுசா வந்த மருமகளும், புருசன் செத்துத் தம்பி வீட்டுக்கு வந்த அக்காளும் ஒண்ணுதான், வாயைத் தொறந்து எதையும் கேக்காதுக. நானும் ஒரு காலத்துல புது மருமகளா இருந்தவ, அதனால எனக்குப் புரிஞ்சது.

ஒருநா காலையில காப்பி குடிச்சுக்கிட்டிருக்கும்போது அவுகளாவே கேட்டாக. "பின்னறையில அந்தப் பழைய டிவி சும்மாதான கெடக்கு? எம் பெட்டிய அதுல மாட்டிவிட்டா, நான் எம்பாட்டுக்குப் பாத்துக்கிருவேன். யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு."

வந்ததுல இருந்து அவுக வாய்விட்டுக் கேட்ட மொதச் சாமான் அது. எங்க வீட்டுக்காரர் காப்பியக் கூட முடிக்கல. கேபிள்காரத் தம்பிக்குப் போன் போட்டு, "வேலை எல்லாத்தையும் போட்டுட்டு வாப்பா"ன்னாரு. அக்கா பெட்டி இங்க ஓடிருச்சுன்னா அக்கா இங்க தங்கிருவாங்கன்னு அவரு மனசுக்குள்ள ஒரு கணக்கு. எனக்கும் அதே கணக்குதான்.

கேபிள்காரத் தம்பி ஒரு வயர் சுருளைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தாப்ல. மதினி துண்டைப் பிரிச்சாக. அப்பத்தான் நான் அந்தப் பெட்டிய நல்லாப் பாத்தேன். மேல, பக்கத்துல எல்லாம் சந்தனமும் குங்குமமுமா அப்பியிருந்துச்சு. அண்ணனுக்கு ஆயுத பூஜைன்னா கிறுக்கு. ஸ்பேனரு, ஜாக்கி, வெல்டிங் மிஷினோட நிக்க மாட்டாரு. வீட்டுக்கு வந்து கிரைண்டர், மிக்ஸி, ஃபேன் ரெகுலேட்டர், கரண்டு மீட்டர்னு ஒண்ணு விடாம பொட்டு வைப்பாரு. "உழைக்கிற சாமானுக்கு ஒரு மரியாதை வேணும்ல"ம்பாரு. அந்த வீட்ல செட்டாப் பாக்ஸ்தான் நாள் முழுக்க உழைச்ச சாமான், அதனால அதுக்குப் பொட்டும் பெருசு. ஒரு வருசத்துப் பொட்டு மேலயே அடுத்த வருசத்துப் பொட்டு. கடைசியா வச்சதுல அவரு கட்டை விரல் ரேகை அப்படியே காஞ்சு நின்னுச்சு.

தம்பி வயரைச் சொருகுனாப்ல. கறுப்புத் திரையில இங்கிலீஷ்ல ரெண்டு வரி வந்துச்சு, அம்புட்டுதான். கழட்டி மாட்டுனாப்ல, மறுபடியும் அதே ரெண்டு வரி. "இது எந்தக் கம்பெனின்னு பாப்போம்"னு பெட்டியத் திருப்புனாப்ல. கம்பெனி பேரு, பெட்டி நம்பரு எல்லாம் ஒட்டியிருக்கிற சீட்டு பக்கவாட்டுல இருக்கு, அதுக்கு மேலதான் சந்தனம். அண்ணன் தேடிப் பிடிச்சு அந்த நம்பர் மேலயே வச்சிருக்காரு. வெள்ளையா, வழுவழுன்னு, பொட்டு வைக்கத் தோதான இடமா அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தம்பி வழக்கமா செய்யிற மாதிரி கட்டை விரலை நாக்குல தொட்டு, சந்தனத்தைத் தேய்க்கப் போனாப்ல.

மதினி கையப் புடிச்சுட்டாக. புடிச்ச புடியில அந்தத் தம்பி கையில இருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழ விழுந்துருச்சு.

"எச்சி வைக்காத. அது அவரு வச்சது."

அம்புட்டு நாளும் எங்க முன்னாடி அழுகாதவுக, குரல் உடைஞ்சு சொன்னாக. தம்பிக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு. "தெரியாம பண்ணிட்டேன்க்கா, மன்னிச்சுக்கங்க"ன்னு விரலைச் சட்டையில துடைச்சுக்கிட்டே சொன்னாப்ல. சாமி கும்பிட்டு வச்ச பொட்டு மேல எச்சி படுறதுங்கிறது எவ்வளவு பெரிய தப்புன்னு அந்தத் தம்பிக்குத் தெரியாமயா இருக்கும். தொழில் பழக்கம், விரல் தானா நாக்குக்குப் போயிருச்சு.

கீழ விழுந்ததை எடுத்து வச்சுட்டுத் தம்பியே மெதுவாச் சொன்னாப்ல. "நம்பரைப் பாத்தும் ஒண்ணும் ஆகப்போறது இல்லக்கா. வாடிப்பட்டியில வேற கம்பெனி லைனு, இங்க வேற கம்பெனி லைனு. அந்தப் பெட்டி இங்க ஓடாது."

"ஏன் ஓடாது?" மதினி விடல. "மிக்ஸியும்தான் வாடிப்பட்டியில வாங்குனேன். ஒத்தக்கடைக்குக் கொண்டாந்தா அரைக்க மாட்டேன்னா சொல்லும்?"

"மிக்ஸி கரண்டுல ஓடுதுக்கா. கரண்டு ஊரெல்லாம் ஒண்ணு. இதுல ஒவ்வொரு கம்பெனியும் படத்தைப் பூட்டித்தான் வயர்ல அனுப்புறான். அதைத் தொறக்குற சாவி அவன் குடுத்த பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. உங்க பெட்டிக்குள்ள இருக்கிறது வாடிப்பட்டிச் சாவி."

"போன்ல சிம்மை மாத்துனா வேற கம்பெனி ஓடுதுல்ல, அது மாதிரி சாவிய மட்டும் மாத்த வேண்டியதுதான?" இது நான்.

"அப்படிச் செய்யலாம், செய்யணும்னு எத்தனையோ வருசமா பேசிக்கிட்டுத்தான் இருக்காங்கக்கா. வந்தபாடா இல்ல." தம்பி தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டாப்ல. "எங்க பக்கமும் கொஞ்சம் பாருங்க. பெட்டிய நாங்க அடக்க விலைக்குக் கீழ தள்ளிக் குடுக்கிறோம், மாசா மாசம் நீங்க எங்ககிட்ட இருப்பீங்கன்னு நம்பி. மழையில மொட்டைமாடி மொட்டைமாடியா ஏறி வயர் இழுத்தவன் நான். என் பெட்டியக் கொண்டுபோய் இன்னொருத்தன் லைன்ல மாட்டுனா நான் எங்க போறது? ஒண்ணு சொல்றேன், பெட்டியப் பூட்டி வச்சிருக்கிறது நான்னு நெனைக்காதீங்க. என்னையவே கம்பெனிக்காரன் பூட்டித்தான் வச்சிருக்கான். நாளைக்கு அவன் சரியில்லன்னு நான் வேற கம்பெனிக்கு மாறுனா, இந்த ஏரியாவுல நான் மாட்டுன பெட்டி அம்புட்டும் குப்பைக்குத்தான் போகும்."

பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா மதினிக்கு அது எதுவும் காதுல ஏறல. "எங்கூட்டுக்காரர் காசு குடுத்து வாங்குன பெட்டி"ன்னாக.

"காசு குடுத்தாருக்கா, இல்லைங்கல. ஆனா அது கம்பெனி பெட்டி. உங்க வீட்ல இருந்துச்சு, அம்புட்டுதான்."

மதினி வயரைக் கழட்டுனாக. பெட்டிய மறுபடி துண்டுல சுத்துனாக. பையில சேலைக்கு நடுவுல வச்சு ஜிப்பை இழுத்தாக.

எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் தீரல. அடுப்பு வாங்குறோம், எந்தக் கம்பெனி சிலிண்டரை மாட்டுனாலும் எரியுது. போன் நம்பரு நம்ம கையிலயே இருக்கு, கம்பெனிய மட்டும் மாத்திக்கிறோம். இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் என்ன வந்துச்சு? காசு நம்மளோடது, கரண்டு நம்மளோடது, தூசி தட்டுறது நாம, பொட்டு வைக்கிறது நாம, சாவி மட்டும் எவனோ ஒருத்தன் இடுப்புல. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாங்கிற கதைதான். அந்தத் தம்பி சொன்ன நியாயத்தையும் நான் தள்ளல. வயர் இழுத்தவன் வயித்துல அடிக்கக் கூடாதுதான். வயருக்கு வாடகை வாங்கட்டும், படத்துக்குக் காசு வாங்கட்டும், யாரு வேணாம்னா? அதுக்காக ஊரு மாறிப் போற மனுசியோட சாமானை வெறும் டப்பாவா ஆக்கணுமா? பொண்ணுகளுக்குத்தான் தெரியும், ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போறப்ப நம்ம சாமான் ஒண்ணாவது அங்க போயி வேலை செய்யணும். நான் கல்யாணமாகி வந்தப்ப எங்க அம்மா வீட்டு இட்லிச்சட்டி ஒண்ணுதான் எனக்குத் தைரியமா இருந்துச்சு. அது எங்க மாமியார் அடுப்புல வேகமாட்டேன்னு சொல்லல.

மறுநா காலையில மதினி குளிச்சுக் கெளம்பி, பையோட ஹாலுக்கு வந்துட்டாக. "நான் ஊருக்குப் போறேன்ப்பா."

"ஏன்க்கா, புதுப் பெட்டி வாங்கி மாட்டிருவோம்க்கா"ன்னு எங்க வீட்டுக்காரர் கெஞ்சுனாரு.

"அது உம் பெட்டியால்ல இருக்கும். எம் பெட்டி அங்கதான் ஓடும்னு சொல்லிட்டான்ல. அது ஓடுற எடத்துல நான் இருந்துக்கிறேன்."

நான் வழி மறிச்சு நிக்கத்தான் நெனைச்சேன். ஆனா அந்த மொகத்தைப் பாத்ததும் வழிய விட்டுட்டேன். யாரு வீட்லயும் ஒட்டாத ஆளா தன்னை நெனைச்சுக்கிட்டிருக்கிறவுகளுக்கு, அந்தப் பெட்டி அதையே திரையில எழுதிக் காட்டுன மாதிரி ஆகிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட்டிட்டுப் போயி வாடிப்பட்டி பஸ்ல உக்கார வச்சுட்டு வந்தாரு. வந்து வண்டியிலயே உக்காந்திருந்தாரு, வீட்டுக்குள்ள வரல. நாந்தான் போயி, "இப்படி உக்காந்தா ஆச்சா"ன்னு வஞ்சு கூட்டியாந்தேன்.

வாடிப்பட்டியில பெட்டி ஓடுச்சு. எங்க வீட்டுக்காரர் தினமும் போன் போட்டு, "சாப்டியாக்கா, மாத்திரை போட்டியாக்கா"ன்னு கேட்டுட்டு, கடைசியா "டிவி ஓடுதாக்கா"ன்னு கேப்பாரு. "ஓடுதுப்பா"ன்னு பதில் வரும். ரெண்டு பேருக்கும் அதுக்கு மேல பேசத் தெரியாது. அக்காளும் தம்பியும் ஒரே வார்ப்பு.

புரட்டாசி பொறந்த சமயம். மத்தியானம் நான் ஆபீஸ்ல சாப்பாட்டு டப்பாவைத் தொறக்குறேன், மதினிகிட்ட இருந்து போன். எனக்கு அவுகளாப் போன் பண்றதே அபூர்வம். பதறிப்போயி, "என்ன மதினி, ஒடம்புக்கு என்ன"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான்." பின்னால டிவிச் சத்தம் கேட்டுச்சு. "டிவி நல்லாத்தாம்மா ஓடுது. நான் பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இருக்கேன். ரிமோட்டைப் புடுங்கத்தான் ஆளில்ல."

அண்ணன் உயிரோட இருந்தப்ப, பட்டறையில இருந்து வந்ததும், சீரியல் முக்கியமான கட்டத்துல இருக்கிறப்பதான் ரிமோட்டைப் புடுங்கி நியூஸ் வைப்பாரு. மதினி கத்துவாக. அவரு சிரிப்பாரு. நாங்க போறப்பெல்லாம் இந்தக் கூத்து நடக்கும். அது சண்டைன்னுதான் நாங்க நெனைச்சுக்கிட்டிருந்தோம். டப்பாவை மூடிட்டு வராண்டாவுக்கு வந்துட்டேன்.

"மதினி, கெளம்பி வாங்க. எங்க வீட்ல ரிமோட்டைப் புடுங்க நாலு பேரு இருக்கோம். உங்க தம்பி ஒண்ணுதான் பேசாது, ரிமோட்டுன்னா அதுவும் புடுங்கும்."

அந்தப் பக்கம் சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, அழுத மாதிரியும் இருந்துச்சு. "பூஜைக்கு வாரேன்"ன்னாக.

அன்னைக்கே கேபிள்காரத் தம்பிக்குச் சொல்லி, பின்னறைக்குத் தனியா ஒரு கனெக்சன் குடுக்கச் சொன்னேன். "யாரு பேர்லக்கா"ன்னு கேட்டாப்ல. எங்க வீட்டுக்காரர் வாயைத் தொறக்குறதுக்குள்ள, "மதினி பேர்ல"ன்னேன். அவுக ஆதார் நகலு இங்க இருந்துச்சு. மாட்டி முடிச்சுட்டுப் போறப்ப தம்பி வாசல்ல நின்னு தயங்குனாப்ல. "அன்னைக்கு எச்சி தொட்டது இன்னும் மனசுக்குள்ளயே கெடக்குக்கா. அவங்க வந்தா சொல்லுங்க. அப்புறம், இந்தப் பெட்டிக்குப் பொட்டு வச்சாலும் நம்பர் மேல மட்டும் வைக்க வேணாம். நாளைப் பின்ன வேற எடத்துக்கு மாத்தணும்னா அந்த நம்பரைத்தான் கேப்பாங்க."

மதினி ஆயுத பூஜைக்கு மொத நா வந்தாக. அதே பை, அதே துண்டுல அந்தப் பெட்டி. பின்னறையில புதுப் பெட்டியப் பாத்துட்டு, "இதையும் பூட்டித்தான குடுத்திருக்கான்?"ன்னு கேட்டாக. "ஆமா மதினி, பூட்டித்தான். ஆனா உங்க பேரு"ன்னேன். மதினி பழைய பெட்டிய எடுத்து டிவிக்கு மேல இருந்த பலகையில வச்சு, துண்டை மட்டும் மடிச்சு வச்சுக்கிட்டாக.

மறுநா காலையில எங்க வீட்டுக்காரர் லோடு வண்டியக் கழுவி மாலை போட்டாரு. நான் சந்தனத்தைக் குழைச்சுக் கிண்ணத்துல எடுத்துட்டு, ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே பின்னறைக்கு வந்தேன். மதினி ஒதுங்கிச் சொவர்ல சாஞ்சு நின்னாக. கிண்ணத்தை அவுககிட்ட நீட்டுனேன்.

"அவரு போயி இன்னும் வருசம் திரும்பலம்மா. நான் தொடக் கூடாது."

"எங்க வீட்ல எது கூடும், எது கூடாதுன்னு நாந்தான் சொல்லணும். உங்க பெட்டிக்கு நீங்கதான் வைக்கணும். புடிங்க."

எங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. மதினி என்னையும் பாத்தாக, அவரையும் பாத்தாக. பெறகு கிண்ணத்தை வாங்குனாக. மொதல்ல ரிமோட்டுக்கு ஒரு பொட்டு வச்சு, அதை இடுப்புல சொருகிக்கிட்டாக. அப்புறம் புதுப் பெட்டிய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. பக்கவாட்டுல இருந்த அந்த வெள்ளைச் சீட்டுக்கு நேரா விரல் போச்சு.

"மதினி, அதுல நம்பர் இருக்கு. எங்கயாவது மாத்தணும்னா அது வேணும்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போச்சு"ன்னேன்.

"எங்க மாத்தப் போறோம்"னு சொல்லிட்டு, கட்டை விரல் நெறையச் சந்தனத்தை எடுத்து நம்பர் மேலயே வச்சு அமுக்குனாக.